காலர்காரர் விலை ஏற்றினார்

சட்டையைக் கையில் வாங்கியதும் காலரைத் திருப்பிப் பார்ப்பார். கழுத்து படும் உள்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். பிறகு நிமிர்ந்து நம் முகத்தைப் பார்ப்பார். "மூணு நாள்" என்பார். ஒரே நாள்தான் போட்டேன் என்று நாம் சொல்லலாம். சொல்லிவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்க்க வேண்டியிருக்கும். "ஒரு நாள் காலர் எனக்குத் தெரியாதா சார்? இது மூணு நாள் காலர். நல்லா உழைச்சிருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கூடையில் எறிவார். எத்தனை நாள் அழுக்கு என்பதற்கும் சலவை விலைக்கும் சம்பந்தமே கிடையாது. எல்லாச் சட்டைக்கும் ஒரே விலைதான். நாம் சொன்னது பொய் என்று தனக்குத் தெரியும் என்பது நமக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இப்படித்தான் அவருக்குக் காலர்காரர் என்று பேர் வந்தது. ஐம்பதைத் தாண்டியவர். எலும்பும் நரம்புமான உடம்பு. மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். தன் சட்டைக்கு மட்டும் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார், எந்த வெயிலிலும். தன் காலரை வேறு யாரும் திருப்பிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நான் எதிர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த லாண்டரி முழுதாகத் தெரியும். முன்னால் கவுண்ட்டர். அதற்குப் பின்னால் இஸ்திரி மேஜை. இன்னும் உள்ளே இரண்டு சலவை இயந்திரங்கள், அவற்றுக்கு மேலே துணி உலர்த்தும் கம்பிகள். கடைக்கு மேலேயே அவர் வீடு. வீட்டுக்குப் போகும் படி பக்கத்துச் சந்தில் இருக்கிறது. கடைக்குள் நுழைந்தால் சூடான துணியின் வாசனை முகத்தில் அடிக்கும். வேலைக்கு இரண்டே பேர்தான். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன் அவருடைய மச்சினன். தேய்ப்பவள் நடுவயதுப் பெண். தெருவே அவளை இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடும்.

காலர்காரர் யாரையும் நம்ப மாட்டார். சோப்புத் தூள் மூட்டை வந்தால் தூக்கிக் குலுக்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பார். ஈரமான தூள் எடை காட்டும், சத்தம் காட்டாதாம். இயந்திரத்தில் ஓடும் கடிகாரத்தை நம்பாமல் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன் தலையில் வைத்திருப்பார். கவுண்ட்டரில் நம்மோடு பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கழுத்தைத் திருப்பாமல் குரல் கொடுப்பார்.

"மாப்ளே, ரெண்டாவது கரண்டி விழுந்த சத்தம் கேட்டுச்சே?"

"படுக்கை விரிப்பு மாமா. ஒரு கரண்டி பத்தாது."

"பத்துமா பத்தாதான்னு சோப்பு சொல்லட்டும், நீ சொல்லாதே."

மச்சினன் அதற்குப் பதில் சொல்ல மாட்டான். காலர்காரர் மனைவியான தன் அக்காவுக்காகப் பொறுத்துக்கொள்கிறான் என்று தெருவில் பேச்சு. அவனுக்கு வேறு எங்கும் வேலை கிடைக்காது என்று இன்னொரு பேச்சும் உண்டு.

இந்த மனிதரின் கடைக்குத்தான் ஒருநாள் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். குறைந்தபட்சச் சம்பளத்தை அரசாங்கம் உயர்த்தியிருந்தது. வேலைக்கு ஆள் வைத்திருக்கும் யாரும் இனி இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்ற உத்தரவு அச்சடித்த தாளைக் கடை கடையாகக் கொடுத்து, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டச் சொல்லிக்கொண்டு போனார். காலர்காரர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரை அச்சா, கையால் குத்தியதா என்று பார்த்தாராம். அப்புறம் அதைக் கதவுக்குப் பின்னால் ஒட்டினார். கடை திறந்திருக்கும் வரை அந்தக் கதவு சுவரோடு சுவராக இருக்கும், தாள் யார் கண்ணிலும் படாது. ஒரு மழை நாளில் சாரல் அடிக்கிறது என்று கதவைச் சாத்தினார்கள். இஸ்திரி அக்கா பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே முழுவதையும் படித்தாள்.

அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதே காலர்காரருக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. "வாயைத் திறக்கலையே சார். யார்கிட்டயோ போய்ச் சொல்லப் போறா" என்று என்னிடம் முணுமுணுத்தார். அந்த மாதமே இரண்டு பேருக்கும் உத்தரவுப்படி கொடுத்துவிட்டார். கவுண்ட்டர் மேல் தொங்கிய விலைப் பலகையைக் கழற்றித் துடைத்துப் புதிதாக எழுதியது அதற்கு அடுத்த நாள்.

"நான் ஏத்தலை சார். சம்பளம் ஏத்துச்சு."

யார் கேட்டாலும் இதே வாக்கியம்தான். முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அவருக்குச் சோப்புத் தூள் கொண்டுவருபவரும் மூட்டை சுமப்பவர் கூலி ஏறிவிட்டது என்று ஏற்றியிருந்தார். ரொட்டிக் கடையில் விலை அப்படியே இருந்தது, ரொட்டிதான் இளைத்துவிட்டது. இதிலெல்லாம் உச்சம் முடி வெட்டுபவர். அவர் கடையில் வேலைக்கு ஆளே கிடையாது. அவரே வெட்டி, அவரே கூட்டிப் பெருக்கி, அவரே கடையைப் பூட்டுவார். அவரும் ஏற்றிவிட்டார்.

"உங்களுக்கு எந்தச் சம்பளம் ஏறுச்சு?" என்று கேட்டேன்.

கத்தரிக்கோலை நிறுத்தாமல் சொன்னார். "எனக்கு நானே குடுக்கிறதை உத்தரவுப்படி குடுக்க வேணாமா? என்னை நானே ஏமாத்தலாமா?"

எனக்கும் சந்தேகம் வந்தது. சம்பளம் ஏறியதைவிட விலை கொஞ்சம் தாராளமாகவே ஏறியதோ என்று. காலர்காரரைக் கேட்டால் மின்சாரம் என்பார், ஹேங்கர் என்பார், காகிதம் என்பார். எங்கள் தெருவில் அந்த மாதம் முழுக்க ஒருவர் பொட்டலத்தை ஒருவர் கையில் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தோம். பழைய சிநேகிதர்கள்கூட மீதிச் சில்லறையைப் பார்த்த பிறகுதான் சிரித்தார்கள்.

சட்டைகள் குறைந்தன. கூடை பாதி நிரம்பினாலே அதிகம் என்று ஆனது. காலர்காரர் கவுண்ட்டரை விட்டு வாசற்படிக்கு வந்து நின்றுகொண்டார். போகிறவர் வருகிறவர் முகத்தை அவர் பார்ப்பதே இல்லை, சட்டையைத்தான் பார்ப்பார். கசங்கிய சட்டை போனால் ஒரு நிம்மதி. தானே வீட்டில் தேய்த்துக்கொண்ட சட்டை போனால் ஒரு இளக்காரச் சிரிப்பு. "முதுகுல ரெண்டு கோடு பாருங்க சார். சாப்பாட்டு மேஜையில வெச்சுத் தேய்ச்சிருக்கான்."

போதாததற்கு மின்சாரக் கட்டணம் வேறு வந்து நின்றது. வேலை குறைந்திருக்கிறது, கட்டணம் கூடியிருக்கிறது. கடைக்கும் வீட்டுக்கும் ஒரே மீட்டர். இயந்திரம் சும்மா ஓடுகிறதா என்று மச்சினனைக் குடைந்தார். பக்கத்துக் கடைக்காரர் கம்பி போட்டு இழுக்கிறாரோ என்று சந்தில் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மாடியை மட்டும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கணக்கு வாத்தியார் விஷயம் அந்தச் சமயத்தில்தான் கிளம்பியது. வாத்தியார் எங்கள் தெருக் கடைசி வீட்டுக்காரர். விலை ஏறியதிலிருந்து கடைப் பக்கம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அவர் சட்டை விறைப்பாக, புதுத் தாள் மாதிரி போய்க்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமைக் காலை காலர்காரருக்குப் பொறுக்கவில்லை. நானும் முடி வெட்டுபவரும் கவுண்ட்டரில் நின்றிருந்தோம். தெருவில் போன வாத்தியாரைக் கை காட்டிக் கூப்பிட்டு உள்ளே வரவழைத்தார்.

"கொஞ்சம் கையைக் குடுங்க வாத்தியாரே."

நாடி பார்க்கப் போகிறவர் போலக் கையைப் பிடித்து, சட்டைக் கையின் மடிப்பை விரலால் மணிக்கட்டிலிருந்து மேலே தடவிக்கொண்டு போனார். தோளுக்கு வந்ததும் விரல் நின்றது. மடிப்பு தோள் தையல் வரை போகவில்லை. ஒரு விரல் அகலத்துக்கு முன்பே முடிந்திருந்தது.

அது அந்தக் கடைப் பழக்கம். தடித்த தையல் மேல் இஸ்திரிப் பெட்டி ஏறினால் அந்த இடம் பளபளத்துப் போகும். அதனால் தையலுக்கு ஒரு விரல் முன்பே பெட்டியைத் தூக்கிவிடுவார்கள். ஊரில் வேறு யாரும் இதைச் செய்வதில்லை. "நம்ம கடை மடிப்பு" என்று காலர்காரர் புது வாடிக்கையாளர்களிடம் எல்லாம் காட்டிப் பெருமைப்படுவார்.

"எங்க தேய்க்கிறீங்க?"

"வீட்டுலதான்" என்று சொல்லிவிட்டு வாத்தியார் சுவரைப் பார்த்தார். கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

காலர்காரர் அவரை விட்டுவிட்டு இஸ்திரி மேஜைப் பக்கம் திரும்பினார். "ஏம்மா, சம்பளமும் வாங்கிக்கிட்டு வீட்டுல தனிக் கடையும் போட்டுட்டியா?"

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நான் வீட்டுல தேய்க்கலைண்ணே."

"அப்ப இது யார் கை? எனக்குத் தெரியாதா இந்தக் கை?"

"என் வீட்டுல பெட்டியைச் சொருகினா மாடி வரைக்கும் லைட் போயிடும். வேணும்னா வந்து பாருங்க."

"வந்து பாக்கிறப்ப பெட்டியை ஒளிச்சு வெச்சிருப்பே. விலை ஏத்தினேன், வாடிக்கையை நீ வீட்டுக்கு இழுத்துக்கிட்டே. எனக்கு இதுகூடப் புரியாதா? நாளையிலேர்ந்து வர வேணாம்."

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இஸ்திரி அக்கா அவர் சட்டைத் தோளை உற்றுப் பார்த்துவிட்டு, அவரைப் பார்த்துத் தலையை மிக லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று. முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை. பாதி தேய்த்திருந்த கால்சட்டையை முழுதாகத் தேய்த்து மடித்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனாள். புதுச் சம்பளத்தை நம்பி அப்போதுதான் குழாய் உள்ளேயே இருக்கும் வீடு ஒன்றுக்குக் குடிபோயிருந்தாள். அதுவரை தண்ணீருக்குத் தெருமுனைக்கு நடந்தவள். இனி அந்த வீட்டு வாடகைக்கு என்ன செய்வாள்?

கூடவே இன்னொன்றும் மனதில் ஓடியது. இரண்டு பேருக்கும் புதுச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை, ஒரு ஆளைக் குறைத்தால் தேவலை என்று காலர்காரர் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சினனை அனுப்பினால் வீட்டில் சோறு கிடைக்காது. மிச்சம் யார்? காரணம் தேடிக்கொண்டிருந்தவர் கையில் வாத்தியாரின் சட்டை வசமாக வந்து மாட்டிக்கொண்டது. அவர் உண்மையிலேயே அவளைச் சந்தேகப்பட்டாரா, சந்தேகப்பட்டால் சௌகரியம் என்று நினைத்தாரா? இரண்டும் கலந்திருந்திருக்கும். அன்று அவர்மேல் எனக்கு வந்தது வெறும் எரிச்சல் இல்லை, வெறுப்பு.

மறுநாள் காலை கடையில் கூட்டம். குறைந்துபோன வாடிக்கையிலும் ஞாயிற்றுக்கிழமை துணி வாங்க நாலைந்து பேர் வருவார்கள். ஒன்றும் தயாராக இல்லை. மச்சினன் இஸ்திரி மேஜையில் நின்று ஒரு சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கம் கசங்கியது. காலர்காரர் ஒவ்வொருவரிடமும், "சாயங்காலம் வாங்க, ஆள் லீவு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. முடி வெட்டுபவர் ஒரு சட்டைக்காக நின்றிருந்தார். வாத்தியாரும் வந்து வாசலை ஒட்டி நின்றார். எதற்கு வந்தார் என்று அப்போது புரியவில்லை.

அப்போது சந்துப் பக்கத்திலிருந்து காலர்காரரின் மனைவி வந்தாள். சதைப்பிடிப்பான பெண்மணி, கால் இரண்டும் வீங்கியிருப்பதால் ஒவ்வொரு அடியையும் யோசித்து வைப்பாள். கையில் தேய்த்து மடித்த ஐந்தாறு சட்டைகள். நேராகக் கவுண்ட்டருக்கு வந்து, அவற்றைக் கணவர் முன்னால் வைத்தாள்.

"வாத்தியார் சட்டை. அந்தப் பொண்ணு தேய்க்கலை. நான் தேய்ச்சேன்."

காலர்காரர் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். சட்டைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீயா? உனக்கு எதுக்குடி இந்த வேலை?"

"வாத்தியார் சம்சாரம் படியில நின்னு பேசிக்கிட்டிருந்தப்ப, கடையில விலை ஏறிடுச்சுன்னு சொன்னாங்க. பழைய விலைக்கு நான் தேய்ச்சுத் தரேன்னேன். அவங்க சொல்லி இன்னும் ரெண்டு வீடு. யார்கிட்டயும் கேக்காம நாலு காசு செலவு பண்ணணும்னு எனக்கும் ஆசை இருக்காதா?"

"அப்ப அந்தக் கரன்ட்டு?"

"நான்தான்."

உள்ளே மச்சினன் சத்தம் வராமல் சிரித்தான். சுவரைத் தட்டிப் பார்த்தது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"என் தலைக்கு மேலயே உக்காந்து எனக்கே போட்டியா? நான் புது விலைக்குத் தவிக்கிறேன், நீ பழைய விலைக்கு எப்படித் தேய்ப்பே? கட்டுப்படி ஆகணுமே?"

அவள் சத்தமே போடவில்லை. சந்தையில் சாமான் விலை சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். "எப்பவும் எப்படி ஆச்சோ அப்படித்தான். இந்த மேஜையில எத்தனை வருஷம் நின்னேன்? கால் இப்படி ஆகிற வரைக்கும் நின்னேன். ஒரு மாசம் சம்பளம்னு குடுத்திருக்கீங்களா?"

"வீட்டு ஆளுக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களா?"

"குடுக்கலை. அதனாலதான் உங்க பழைய விலை கட்டுப்படி ஆச்சு. அப்புறம் அவ வந்தா. அவளுக்கும் அரைச் சம்பளம். அதுலயும் கட்டுப்படி ஆச்சு. இப்ப முழுசாக் குடுன்னு எவனோ சொன்னதும் உங்களுக்கு வலிக்குது."

முடி வெட்டுபவர் எதையோ மனதுக்குள் கணக்குப் போடுகிறவர் மாதிரி கூரையைப் பார்த்தார். அவர் கடைத் துண்டுகளையும் வீட்டில் அலசிக் காயப்போடுவது அவர் மனைவிதான்.

"நம்ம கடை மடிப்பு, நம்ம கடை மடிப்புன்னு சொல்றீங்களே" என்று அவள் ஒரு சட்டையின் தோளைத் தொட்டுக் காட்டினாள். "இது யார் கண்டுபிடிச்சது? நீங்களா? உங்க கல்யாணக் கோட்டுல பளபளன்னு ஆக்கிட்டு உங்ககிட்ட திட்டு வாங்கின பிறகு நான் பழகினது. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். நேத்து அவளுக்குத் தெரியும், இது என் கைன்னு. வாத்தியார் சொன்னார். பாத்த உடனே தெரிஞ்சுக்கிட்டாளாம். தெரிஞ்சும் சொல்லாமப் போனா. என் வீட்டுல சண்டை வரக் கூடாதுன்னு அவ வேலையை விட்டுட்டுப் போறா. நீங்க யாரைப் பாத்துச் சந்தேகப்பட்டீங்க?"

காலர்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. எல்லார் காலரையும் படித்தவருக்குத் தன் மனைவியின் கையை அடையாளம் தெரியவில்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. நல்லா வேணும் என்றுதான் தோன்றியது.

"கூப்பிடுங்க அவளை" என்றாள் மனைவி.

"நான் எப்படி..."

"நான் கூப்பிட்டுட்டேன். கணக்கைத் தீர்த்துக்கன்னு வரச் சொன்னேன். அதோ வரா."

இஸ்திரி அக்கா படியேறி வந்தாள். உள்ளே இத்தனை பேரைப் பார்த்ததும் வாசலிலேயே தயங்கினாள். எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். என்ன குற்றம் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்களோ என்று அந்தப் பார்வையில் இருந்தது. காலர்காரர் வா என்று சொல்லவில்லை. மச்சினனைக் கையால் விலக்கினார். அவன் கசக்கி வைத்திருந்த சட்டையை உதறி மேஜையில் விரித்தார். தோளைத் தடவிச் சமப்படுத்தினார். பெட்டியின் பிளக்கைச் சொருகி, சூடு ஏறும் வரை அங்கேயே நின்றார். அப்புறம் கைப்பிடி அவள் பக்கம் வரும்படி பெட்டியைத் திருப்பி வைத்தார். அவரைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்துவிட்டது. எங்களைப் பார்த்து, "அரை மணியில எல்லாருக்கும் ரெடி ஆயிடும்" என்றுகூடச் சொன்னார்.

அவள் மேஜை வரைக்கும் வந்தாள். பெட்டியைத் தொடவில்லை. சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து நாலு பேர் முன்னாடி சொன்னீங்கண்ணே. இன்னைக்கும் நாலு பேர் இருக்காங்க."

அவருக்குப் புரிந்தது. எங்களுக்கும் புரிந்தது. இந்தக் கடையில் இவர் ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. மனைவி கவுண்ட்டர் முனையைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய கால்களோடு நின்றுகொண்டேயிருந்தாள். முடி வெட்டுபவர், "கடையைத் திறந்து போட்டுட்டு வந்துட்டேன்" என்று கிளம்பினார். வாத்தியாரும் வாசலைப் பார்த்துத் திரும்பினார். பெரிய மனிதர் ஒருவர் சின்னவராகும் இடத்தில் நிற்க எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. என் பையை எடுத்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்கினேன்.

காலர்காரர் கவுண்ட்டரைத் தாண்டிக் கையை நீட்டி, நழுவப் பார்த்த என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "இருங்க சார், நேத்து நீங்களும் கேட்டீங்கல்ல." பிடியை விடாமலே அவள் பக்கம் திரும்பினார்.